அத்தை செய்து காட்டிய முட்டை ரொட்டி

முட்டையை எப்படி உடைப்பது என்று அவன் தொலைபேசியில் கேட்டதும் அக்கா, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது குழந்தைகளுக்கு முன்னால் அவன் சமைத்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

"நீ எதுக்குடா சமைக்கணும்?"

"நான்தானே அத்தை."

அக்கா மறுபடியும் உடம்பைப் பற்றிக் கேட்டாள்.

அவனுக்கு வயது முப்பத்தொன்று. மீசை உண்டு. ஒரு சிறுவர் வார இதழில் வேலை. புதிர்களின் விடைகள் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சாகின்றனவா என்று பார்ப்பதற்காகத்தான் அவனைச் சேர்த்தார்கள். ஏறக்குறைய மூன்று வருடங்களுக்கு முன், 'அத்தையின் ஐந்து நிமிடச் சமையல்' பக்கத்தை எழுதிவந்த அம்மாள், கணவருக்கு மாற்றலாகி ஊரை விட்டுப் போனார். இந்த ஒரு வாரம் மட்டும் பார்த்துக்கொள் என்று முதலாளி அந்தப் பக்கத்தை அவன் மேசைமேல் வைத்தார். அந்த ஒரு வாரம் இப்போது நூற்று நாற்பத்து மூன்றாவது வாரமாக நடந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் அவன் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. "அத்தை, டீ ஆறுது" என்றால் திரும்பிப் பார்ப்பவன் அவன்தான்.

நூற்று நாற்பத்து மூன்று சிற்றுண்டிகளில் ஒன்றைக்கூட அவன் செய்து பார்த்ததில்லை. அவன் அறையில் இருந்தது வெந்நீர் வைக்கும் ஒரு மின்கெண்டி மட்டும். ஆனால் அவனிடம் ஒரு முறை இருந்தது. நான்கு பொருட்கள், ஐந்து படிகள், படிக்கு ஒரு நிமிடம். போன வாரம் 'பிசையவும்' வந்திருந்தால் இந்த வாரம் 'உருட்டவும்'. போன வாரம் வாழைப்பழம் என்றால் இந்த வாரம் உருளைக்கிழங்கு. ஐந்தாவது படி எப்போதும் 'தம்பி தங்கையோடு பகிர்ந்து உண்ணவும்'. அந்த ஒரு படியில் மட்டும் அவனுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும், இந்த வாரமாவது ஒன்றைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதுவான். செவ்வாய்க்கிழமை பக்கம் அச்சுக்குப் போய்விடும். புதன்கிழமை, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து என்று திருத்தி எழுதுவான்.

குழந்தைகளிடமிருந்து கடிதங்கள் வரும். 'அன்புள்ள அத்தை, உருண்டை உருளவில்லை. தட்டையாகவே சாப்பிட்டோம்.' 'அன்புள்ள அத்தை, மூடியை அப்பா வந்துதான் திறந்தார். இப்போது சுவர் முழுக்கத் தக்காளி. அடுத்த வாரம் என்ன?' அவற்றையெல்லாம் எண் போட்டு இழுப்பறையில் வைத்திருந்தான். இத்தனை பேர் தன்னை நம்புகிறார்கள் என்பது காலையில் பெருமையாக இருக்கும். சாயங்காலமானால் அந்த இழுப்பறையைத் திறக்கவே மாட்டான்.

பள்ளிக்கூடத்துக் கடிதமும் வழக்கமான வழியில்தான் அவனிடம் வந்தது. அந்த அலுவலகத்தில் எந்தக் கடிதமும் முழுதாக ஒருவர் மேசைக்கு வராது. தபால் பிரிக்கும் அம்மாவை எல்லோரும் கத்தரியம்மா என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக, வேண்டிய நான்கு வரியை மட்டும் வெட்டி ஓர் அட்டையில் ஒட்டி அனுப்புவார். மீதி கூடைக்குப் போகும். "மேல வணக்கம், கீழ நன்றி. விஷயம் நடுவுலதான் இருக்கும்" என்பது அவர் கொள்கை. இந்த அட்டையில் இப்படி இருந்தது:

'தங்கள் அத்தை எங்கள் பள்ளிக்கு வந்து, மாணவர்கள் முன்னிலையில் எளிய சிற்றுண்டி ஒன்றைச் செய்து காட்ட வேண்டுகிறோம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அடுப்பும் பாத்திரங்களும் தயாராக இருக்கும்.'

ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள் எழுதினால் அப்படித்தான் என்று அலுத்துக்கொண்டார் கத்தரியம்மா.

முதலாளி அட்டையைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். அந்தப் பள்ளிக்கூடம் மட்டும் வாரம் நானூறு பிரதி வாங்குகிறது. அதே சமயம், ஒரு மெத்தைக் கம்பெனி அத்தையின் பக்கத்தை விளம்பரத்துக்கு நிரந்தரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவங்க திருப்தியா இருந்தா அத்தை இருப்பா. இல்லேன்னா மெத்தைதான்" என்றார்.

புதிர் விடைகளைத் தலைகீழாக்கும் வேலையை இப்போது கணினியே செய்துவிடுகிறது. பக்கம் போனால் நாற்காலியும் போகும் என்பதை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதலில், தனக்குப் பதிலாகப் பிழை திருத்தும் அம்மையாரை அனுப்பிப் பார்க்கலாம் என்று நினைத்தான். வயது பொருத்தம். மூக்குக்கண்ணாடிகூட இருந்தது. பக்குவமாகக் கேட்டான்.

"தப்பு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை" என்றார் அவர், தாளிலிருந்து தலையை எடுக்காமல். "பண்றது உங்க வேலை."

பிறகு பள்ளிக்கூடத்துக்கே தொலைபேசி செய்தான். அத்தை ஓர் ஆண் என்பதை முதலில் சொல்லிவிட்டான். அதனால் என்ன என்றார் தலைமையாசிரியை. கூட்டத்துக்கு முன் நின்று பழக்கமில்லை, கை தடுமாறும் என்றான்.

"தாராளமா தடுமாறுங்க சார். குழந்தைங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

இவ்வளவு பெரிய மனசுக்காரரை ஏமாற்றப்போகிறோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. வரமுடியாது என்று சொல்லத்தான் தொலைபேசியை எடுத்தான். ஒன்பதே முக்காலுக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அதற்குப் பிறகுதான் அக்காவிடம் முட்டையைப் பற்றிக் கேட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுச் சமையலறையில் ஒத்திகை நடந்தது. நூற்று ஏழாவது வாரத்து முட்டை ரொட்டியைத் தேர்ந்தெடுத்திருந்தான். முட்டையையும் பாலையும் கலக்கவும். ரொட்டித் துண்டை அதில் நனைக்கவும். வெண்ணெயில் வாட்டவும். வாழைப்பழம் அடுக்கவும். பகிர்ந்து உண்ணவும். அக்கா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"வாட்டவும்னு போட்டிருக்கியே, அடுப்புன்னு எங்கயுமே போடலையே."

அவன் வாங்கிப் பார்த்தான். போடவில்லைதான். முப்பத்தாறு வாரமாக யாரும் கேட்கவும் இல்லை.

முதல் துண்டு வாணலியோடு ஒட்டிக்கொண்டது. வாணலி நன்றாகக் காய வேண்டும், முதல் வேலையாக அடுப்பைப் பற்றவைத்துவிடு என்றாள் அக்கா. குறித்துக்கொண்டான். இரண்டாவது துண்டில் பாலை மறந்துவிட்டான். ஒவ்வோர் அசைவையும் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, கண்ணில் படும்படி அடுப்புக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைக்கச் சொன்னாள். ஐந்து படிகள் ஒன்பதாயின. மூன்றாவது முட்டை சட்டையில் உடைந்தது. அக்கா தன் சமையல் மேலங்கியைக் கொடுத்தாள். அதன் நாடாக்கள் இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றியும் முழங்கால்வரை தொங்கின. நான்காவது துண்டை அக்கா வீட்டுக்காரர் சாப்பிட்டுப் பார்த்து, பசி இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்றார்.

காய்ந்த வாணலி, அட்டை, மேலங்கி. குறைகள் மூன்று, தீர்வுகள் மூன்று. அவன் நிம்மதியாக வீட்டுக்குப் போனான். மரியாதையாக இருக்கட்டும் என்று முழுக்கைச் சட்டை ஒன்றை மட்டும் தானாகவே யோசித்து எடுத்து வைத்தான்.

பள்ளிக்கூட மண்டபத்தில் மேசைமேல் ஒற்றை அடுப்பு, வாணலி, கிண்ணம், கத்தி எல்லாம் ஒழுங்காக இருந்தன. நாற்பது குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தாள், கையில் ஒரு பென்சில். முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் உருண்டு திரண்ட ஒரு மனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அவனைப் பார்க்கவில்லை. அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய ஓட்டல் ஒன்றின் தலைமைச் சமையல்காரரைச் சோதிக்க வரவழைத்திருக்கிறார்கள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிறைய மணல் இருந்தது. பிள்ளைகள் விளையாட வைத்திருப்பார்கள் போலும். காலில் இடறியதால் அதைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தான்.

"ஒண்ணு" என்றாள் முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி, மெதுவாக. நாற்பது பென்சில்கள் கீறும் சத்தம் கேட்டது.

இவ்வளவு கவனமாகக் குறிப்பெடுக்கும் குழந்தைகளை அவன் பார்த்ததே இல்லை. வாணலியின் மூடி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதையும் எடுத்து எட்டாத மூலையில் வைத்தான். மறுபடி பென்சில் சத்தம். முதல் வேலையாக அடுப்பைப் பற்றவைத்து, கூட்டத்தின் பக்கம் திரும்பி, நான்தான் உங்கள் அத்தை என்றான். மண்டபம் சிரித்தது. அன்பான சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தத் தைரியத்தில் காய்கறிகளின் நன்மையைப் பற்றி நான்கு நிமிடம் பேசிவிட்டான். முட்டை ரொட்டியில் காய்கறியே கிடையாது என்பது ஐந்தாவது நிமிடத்தில்தான் உறைத்தது. அதற்குள் வாணலி புகைந்துகொண்டிருந்தது.

ஒத்திகையில் புகை வரவில்லை. அட்டையிலும் புகையைப் பற்றி எதுவும் இல்லை. சூடு தணியட்டும் என்று வெண்ணெயை முழுக்கட்டியாக உள்ளே போட்டான். அது 'சொய்ங்' என்று அலறிக் கருப்பானது. பயந்து பின்னால் நகர்ந்தபோது மேலங்கியின் நாடா வாணலியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, கைப்பிடி மேசைக்கு வெளியே திரும்பி நின்றது.

"ஏழு" என்றாள் இரட்டைப் பின்னல்.

முட்டையை உடைத்தான். ஓடும் சேர்ந்து விழுந்தது. கத்தி முனையால் அதைத் துழாவி எடுத்து, முட்டை ஈரக் கையைச் சட்டைக்கையில் துடைத்தான். வாழைப்பழத்தை உள்ளங்கையில் வைத்துத் தன்னை நோக்கியே நறுக்கினான். கத்தி நழுவியது. விழுகிற கத்தியைத் தாவிப் பிடிக்கப் பார்த்தான். நல்லவேளை, அவன் எதையும் சரியாகப் பிடிக்கிறவன் இல்லை. நாற்காலி மனிதர் முதல் தடவையாகக் கட்டியிருந்த கையை எடுத்து நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார்.

"பன்னிரண்டு."

அவன் அட்டையைப் பார்த்தான். அதில் ஒன்பது படிகள்தான் இருந்தன. அவன் நான்காவதில் நின்றான். குழந்தை பன்னிரண்டில் இருந்தாள். தன்னைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை, எங்கேயோ முன்னால் போய்விட்டாள் என்று பதறி, நான்கையும் ஐந்தையும் ஆறையும் ஒன்றாகச் செய்தான். ரொட்டியை நனைத்துச் சொட்டச் சொட்ட வாணலியில் எறிந்தான். வெண்ணெய் தெறித்தது. புகையை விரட்ட ஜன்னலைத் திறந்தான். காற்று வந்து அட்டையை அடுப்பின்மேல் சாய்த்தது. அக்காவின் யோசனையில் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை ஓரத்திலிருந்து எரியத் தொடங்கியது. கைத்துணியால் அதை அடித்தான். துணியும் பிடித்துக்கொண்டது. துணியை உதறினான். அது போய் வாணலியில் விழுந்ததும் வெண்ணெயிலிருந்து ஒரு மஞ்சள் நாக்கு எழுந்து நின்றது.

அவன் தண்ணீர்க் கூஜாவை எடுத்து ஓங்கினான்.

அடுத்த நொடி நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் கனத்த மனிதர் எப்படி வந்தார் என்றே தெரியவில்லை. ஒரு கையால் கூஜாவைப் பிடித்து நிறுத்தி, வரும் வழியிலேயே மூலையிலிருந்து எடுத்த மூடியை மறு கையால் வாணலியின்மேல் அழுத்தி, அடுப்பைத் திருகி அணைத்தார். எரிந்துகொண்டே கீழே விழுந்த அட்டையின்மேல் சுவரோர வாளியைக் காலாலேயே இழுத்து மணலைச் சரித்தார். கை எவ்வளவு லாகவம் என்று அந்த நிலையிலும் அவனுக்குத் தோன்றியது. சந்தேகமே இல்லை, தலைமைச் சமையல்காரர்தான்.

"தண்ணி மட்டும் வேணாம் சார்" என்றார் அவர், அவன் காதோரம். "அது ஒண்ணு கொஞ்சம் அதிகம். எனக்கே உதறிடுச்சு."

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. கேலி செய்கிறார்கள். குழந்தைகள்தானே, செய்யட்டும். தலைமையாசிரியை ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு தத்ரூபமாக ஒரு நிகழ்ச்சியை இந்தப் பள்ளி பார்த்ததில்லை என்றார். அடுத்த வருடமும் அத்தைதான் வர வேண்டும் என்றார். படித்தவர்கள் குத்திக்காட்டும் விதமே தனி. கடைசியில் அவன் பக்கம் திரும்பி, உங்கள் முதலாளியிடம் இன்றைக்கே நானே பேசுகிறேன் என்று சொன்னபோது அவன் மேலங்கியை அவிழ்த்து மேசைமேல் வைத்தான்.

அவன் வெளியே போய்த் தாழ்வாரத்தில், குழந்தைகளுக்கான குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்தான். முழங்கால் முகவாய்வரை வந்தது. ஒரு சட்டைக்கை பொசுங்கியிருந்தது. ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுதத் தொடங்கினான். நான்கு வரி போதும். வணக்கமும் நன்றியும் எப்படியும் வெட்டுப்படும். இழுப்பறையில் எண் போட்டு வைத்த கடிதங்களை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. மெத்தைக் கம்பெனிக்கு அவை எதற்கு?

இரட்டைப் பின்னல் வந்து எதிரே நின்றாள். கையில் அந்தத் தாள். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதி, நாலாக மடித்து, வெற்றிடத்தை மட்டும் மேலே காட்டி நீட்டினாள்.

"இருபத்திமூணு எழுதியிருக்கேன். கிளாஸ்லயே நான்தான் அதிகம். இதுல கையெழுத்துப் போடுங்க அத்தை."

இருபத்து மூன்று. ஐந்து படிச் சமையலில் இருபத்து மூன்று படிகள். இந்தக் குழந்தை சாயங்காலம் வீட்டுக்குப் போய், அம்மா அப்பா வருவதற்குள், அந்த இருபத்து மூன்றையும் ஒன்று விடாமல் வரிசையாகச் செய்யும். கத்தியைத் தாவிப் பிடிக்கும். கூஜாவை ஓங்கும். அங்கே ஓடிவர நாற்காலியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நூற்று நாற்பத்து மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவனுக்குத் தன் நாற்காலியைப் பற்றிய கவலை இல்லாமல் போயிற்று.

"இங்க பாரும்மா" என்றான். "இதுல எழுதினது ஒண்ணுகூட வீட்டுல செய்யக்கூடாது. நான் அத்தை இல்ல. எனக்குச் சமைக்கவே தெரியாது. முட்டை உடைக்கவே முந்தாநேத்துதான் கேட்டுக்கிட்டேன். புத்தகத்துல வந்ததெல்லாம் மேசையில உக்காந்து சும்மா எழுதினது, ஒரு தடவைகூடச் செஞ்சு பார்த்ததில்ல. இன்னிக்கு நடந்ததும் நெஜம்தான். எனக்கு எதுவுமே தெரியாது. உங்க எல்லாரையும் மூணு வருஷமா ஏமாத்திட்டேன். மன்னிச்சுக்கோ."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பொசுங்கிய சட்டைக்கை கன்னத்தில் கரியைப் பூசியது.

சிறுமி பென்சிலைக் கடித்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு பெரிய மரியாதை வந்தது.

"போன வருஷம் இதே தீயணைப்பு மாமாவோட தப்பு பண்ணிக் காட்ட வந்த சார் நடிக்கிறார்னு எங்களுக்கு ரெண்டாவது நிமிஷமே தெரிஞ்சுபோச்சு; எல்லாம் முடிஞ்ச பிறகும் நீங்க விடாம நடிக்கிறீங்களே, எப்படி அத்தை?"